நாலு விரல் திறந்த மனை

மனை உறுதி அலுவலகத்தில் இனிக் காகித வரைபடங்கள் வாங்கப்படமாட்டா என்று அறிவிப்பு வந்தபோது, அந்த அறிவிப்பைக் காகிதத்தில்தான் ஒட்டியிருந்தார்கள். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டினால் அதற்கும் ஒரு பிரிவு ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயந்திருக்கலாம்.

அறிவிப்பு சொன்னது இதுதான். வீடு கட்ட அனுமதி கேட்பவர் தன் மனையைத் தானே வரைய வேண்டும். நிலத்தின் ஒவ்வொரு மூலையும் வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று அளவையாளர் எழுதித் தரும் எண்களை, அலுவலகம் தேர்ந்தெடுத்த வீட்டு வடிவமைப்பு மென்பொருளில் ஒன்றுவிடாமல் தட்ட வேண்டும். தட்டத் தட்ட மூலைகள் கோடுகளால் சேரும். கடைசிக் கோடு முதல் மூலையைத் தொட்டதும் உள்ளே பச்சை நிரம்பும். பச்சை நிரம்பினால் மனை, நிரம்பாவிட்டால் வெறும் கோடு. சோபாவை ஜன்னல் பக்கம் போடலாமா, சுவர்ப் பக்கம் போடலாமா என்று வீட்டில் இருப்பவர்கள் விளையாட்டாகப் பார்ப்பதற்காக யாரோ செய்த மென்பொருள் அது. இலவசமாக ஒரு நாய்ப் படமும் தருகிறது. அலுவலகம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

நம்மாள் ஒரு செருப்புக்கடையில் விற்பனையாளர். வாடிக்கையாளர் வாசலில் கால் வைக்கும்போதே, "எட்டாம் நம்பர் எடுப்பா" என்று உள்ளே குரல் கொடுப்பார். அதனால் கடையில் அவருக்கு எட்டாம் நம்பர் என்றே பெயர். பல நேரம் அளவு சரியாக இருக்கும். இல்லாவிட்டால், வாடிக்கையாளரின் கால்தான் தப்பு என்று முதலாளி சமாளித்துவிடுவார். பிற்காலத்தில் ஓர் அலுவலகத்தைப் புரிந்துகொள்ள இது அவருக்கு உதவியிருக்க வேண்டும். உதவவில்லை.

அவரும் மனைவியும் மூன்றாவது மாடியில் குடியிருந்தார்கள். லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு இதயம் பாதிதான் வேலை செய்தது. "படி ஏறக் கூடாது. இறங்கினா ஏறணும், அதனால இறங்கவும் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்களில் மட்டும், தண்ணீர்க் கேன் போடுகிறவர் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்குவார். மற்ற நாள்களில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் உச்சந்தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊருக்குள் கீழ்த்தளம் எல்லாம் கடைகளாகிவிட்டன. அதனால்தான் இருந்ததையெல்லாம் போட்டு ஊர்க்கோடியில் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். அவள் கேட்டது பெரிய வீடு இல்லை.

"படியே இல்லாத வாசல் ஒண்ணு வேணுங்க. கதவைத் திறந்தா மண்ணு. செருப்பு போடாம அதுல நிக்கணும்."

டாக்டர் எட்டாம் நம்பரைத் தனியாகக் கூப்பிட்டு, "கட்டறதா இருந்தா சீக்கிரம் கட்டுங்க" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அவள்தான் வரைந்தாள். கடையில் சரக்குக் கணக்கு வாசிப்பதுபோல் இவர் எண்களை வாசித்தார். நிலத்துக்கு ஐந்து மூலை. ஆனால் அளவையாளர் ஆறு வரி எழுதியிருந்தார். முதல் மூலைக் கல்லில் தொடங்கி, சுற்றிவந்து, அதே கல்லை மறுபடி அளந்திருக்கிறார். இரண்டாம் முறை நாலு விரல் தள்ளி வந்திருக்கிறது. மனிதர் நேர்மையானவர், இரண்டையும் எழுதிவிட்டார். நாட்டில் நேர்மை குறைந்துபோச்சு என்று எல்லாரும் அலுத்துக்கொள்கிறார்கள். அது இருக்கிற இடத்தில் என்ன பாடு படுத்துகிறது என்று யாரும் பேசுவதில்லை.

"என்னங்க, கடைசிக் கோடு வந்து சேரமாட்டேங்குது."

"கொஞ்சம் தள்ளி விட்டுப் பாரேன்."

"சோபாவா இது, தள்ளி விட?"

திரையின் ஓரத்தில் ஒரு காந்தத்தின் படம் இருந்தது. என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று அவள் அதைத் தொட்டாள். கோட்டின் நுனி டக்கென்று முதல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே பச்சை நிரம்பியது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்ததால், என்ன விஷயம் என்று தெரியாமலே அவரும் சிரித்தார். அப்புறம் அவள் பச்சையின் மேல் இரண்டு அறை போட்டாள், சமையலறை போட்டாள், படியில்லாத வாசல் போட்டாள். நாயையும் வாசலில் நிற்க வைத்தாள்.

அலுவலக வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் கோப்பைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார். முகம் மாறியது.

"சார், காந்தம் போட்டிருக்கீங்க."

"ஆமாங்க. போட்டாத்தான் பச்சை வருது."

"காந்தம் போட்டா அது மனை இல்ல சார், சமாதானம். கணினி பண்ணிவச்ச சமாதானம். அளவையாளர் எழுதின ஆறு வரியும் எழுதினபடி இருக்கணும்." அவரே காந்தத்தை அணைத்தார். பச்சை போய்விட்டது. வீடு வெள்ளையில் மிதந்தது. நாய் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. "பாருங்க. நிலமே இல்ல."

"நிலம் இருக்குதுங்க மேடம். நேத்துகூடப் போய் நின்னுட்டு வந்தேன்."

"நின்னீங்க சார், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எதுமேல நின்னீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால் அவரைக் கோடுகள் மூடுகின்றனவா என்று பார்க்கும் மூடல் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

மூடல் பிரிவு எப்போதும் திறந்திருந்தது. வாசலில் ஒரு தட்டு. உள்ளே போகிறவர்கள் கைப்பேசியை அணைத்து அதில் வைத்துவிட்டுப் போக வேண்டும், கோடுகளைப் பார்க்கும்போது கவனம் சிதறக் கூடாதாம். மூடல் அதிகாரி கனிவானவர். முதல் காரியமாகத் தண்ணீர் கொடுத்தார்.

"நாலு விரல்தானேன்னு நினைக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் வந்து உட்கார்றாங்க. பானையில நாலு விரல் ஓட்டை இருந்தா தண்ணி நிக்குமா?"

"இது நிலம் சார். ஓடாது."

"ஓடாதுன்னு நீங்க சொல்றீங்க, கோப்பு சொல்லலையே. கோடு மூடலைன்னா எது உள்ளே, எது வெளியேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? உள்ளே இருக்கறது உங்களுது. சரி. உள்ளேயிருந்து அந்த நாலு விரல் வழியா ஒரு எறும்பு நடந்து போகுது. எங்கேயும் கோட்டைத் தாண்டலை. அப்போ அது போற இடமெல்லாம் உள்ளேதானே? நான் இதுல கையெழுத்துப் போட்டா, இந்த உலகத்தையே உங்க பேர்ல எழுதிக்கொடுத்த மாதிரி. அவ்வளவு அதிகாரம் எனக்கு இல்ல சார். ரெண்டு தெரு வரைக்கும்தான் இருக்கு."

"எனக்கு உலகம் வேணாங்க. ஒரு அறையும் வாசலும் போதும். வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல."

"உலகம் வேணாம்னு எழுதித் தருவீங்களா?"

"இப்பவே தரேன்."

அதிகாரி வருத்தத்தோடு தலையாட்டினார். "வாங்கிக்க முடியாது. உங்களுதுன்னு உறுதியானாத்தான் வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை."

கெட்ட மனிதர் இல்லை. அந்த அலுவலகத்தில் கெட்ட மனிதர் ஒருவர் இருந்திருந்தால்கூட ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும்.

விதிப்படி, அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். எல்லை மூடாததால் உலகத்தில் எல்லாருமே அக்கம்பக்கம். அலுவலகம் சளைக்கவில்லை, உலகத்துக்கே அறிவிப்பு விட்டது. பதில்களும் வந்தன. கடல் கடந்து ஒரு பெண், தனக்கு ஆட்சேபம் இல்லை, துணி காயப்போடும் கயிற்றை மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். கடலும் இதில் சேர்த்தியா என்று ஒரு மீனவர் சங்கம் விசாரித்திருந்தது. மனை உறுதி அலுவலகக் கட்டடமும் இந்த மனைக்குள்தான் வருகிறது என்று சட்டப் பிரிவில் ஒருவர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எட்டாம் நம்பர் உள்ளே வந்தால் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இயக்குநரே தன் அறைக்குக் கூப்பிட்டு, தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"எங்களை எப்ப காலி பண்ணச் சொல்லப் போறீங்க?" என்றார் கொஞ்சம் நடுங்கி.

"ஐயா, எனக்கு அனுமதி மட்டும் கொடுத்தாப் போதுங்க."

"அதுதானே இப்ப முடியாமப்போச்சு! உங்க இடத்துல உட்கார்ந்துக்கிட்டு உங்களுக்கே அனுமதி கொடுத்தா நாலு பேர் என்ன சொல்வாங்க? நடுநிலைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லும்போது, முதல் தடவை அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த தடவை சிரிப்பு இருமலில் முடிந்தது. அதற்கப்புறம், அவர் சொல்லி முடிக்கும் வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீடும் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் இரண்டாவது அறையை எடுத்துவிட்டாள், பெருக்கித் துடைக்க ஆகாதாம். இன்னொரு நாள் சமையலறையை ஒரு மூலைக்குச் சுருக்கினாள். கடைசியில் ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு வாசல். எல்லாம் வெள்ளையில் மிதந்துகொண்டிருந்தன. "தரை இல்லை" என்று மென்பொருள் சிவப்பில் எச்சரிக்கும்போதெல்லாம், "தெரியும் போ" என்பாள்.

அதிகாரிகள் ஒரு முறை நேரிலும் வந்தார்கள். மடிக்கணினியோடும் குடையோடும் முதல் மூலைக் கல்லைச் சுற்றி நின்றார்கள். மூடல் அதிகாரி குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார்.

"கல் ஒண்ணுதான் இருக்கு."

"ஆமாங்க சார். ஒரு மூலைக்கு ஒரு கல்தானே."

"கோப்புல ரெண்டு புள்ளி இருக்கே. நிலம் கோப்புக்கு ஒத்துவர மாட்டேங்குது. நீங்க ஒத்துழைக்கணும். இன்னொரு கல்லை நாலு விரல் தள்ளி நட்டுடுங்க."

கடைக்கு லீவு போட்டுவிட்டு, முட்டிபோட்டு உட்கார்ந்து, கைவிரலால் அளந்து, எட்டாம் நம்பர் இன்னொரு கல்லை நட்டார். ஆயுசு முழுக்கப் பிறர் காலடியில் முட்டிபோட்டவருக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். திருப்தியாகத் தலையாட்டினார்கள். இடைவெளி இருப்பது இப்போது ஐயமற உறுதியாகிவிட்டது, அதனால் அனுமதி தர முடியாது என்று எழுதினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கே வயிறு எரிகிறது. அந்தக் கல் நட்ட நாளில் அவர் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்.

"இப்ப நிலமும் கோப்பும் ஒண்ணாயிடுச்சும்மா. சார் பாராட்டினார்."

அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. அவள் கால் அளவு என்ன என்று இப்போது அவருக்கே சொல்ல வராது.

"என்னங்க, வீடு கிடக்கட்டும். ஒருநாள் என்னை அங்கே கூட்டிட்டுப் போறீங்களா? சும்மா நின்னுட்டு வந்துடலாம்."

"எங்கே?"

"நம்ம நிலத்துக்குத்தான்."

அப்போது அவர் சொன்னார். அதிகாரி சொல்லவில்லை, இயக்குநர் சொல்லவில்லை. அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வாழ்ந்த மனிதர் சொன்னார்.

"அது இன்னும் நிலமாகலையேம்மா. பச்சை வரட்டும். வீடாவே கட்டிக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் சரி என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்காததை அவர் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. அலுவலகத்துக்கு நடந்து நடந்து, அலுவலகத்தின் கண்ணால் பார்க்கப் பழகியிருந்தார், அவ்வளவுதான்.

கடைசியில் விடிவு வந்தது. திறந்த மனைகளை ஆராய அமைத்த உயர்மட்டக் குழு, நெடிய ஆலோசனைக்குப் பின், திரையின் ஓரத்தில் ஒரு காந்தத்தின் படம் இருப்பதைக் கண்டுபிடித்தது. அது "காந்தக் கொள்கை" என்று அறிவிக்கப்பட்டது. அதன் முதல் பயனாளி எட்டாம் நம்பர். விழா மூடல் பிரிவிலேயே நடக்கும், கட்டாயம் வர வேண்டும் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள்.

விழா நாள் காலையில் அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். "சாயங்காலம் பச்சையோட வரேன்" என்றார். "மெதுவா வாங்க" என்று அவள் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

கைப்பேசியை அணைத்துத் தட்டில் வைத்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே! இந்த எளிய மனிதரைப் பாருங்கள். இவரால் அன்றே காந்தத்தை அழுத்தியிருக்க முடியும். ஏன், அழுத்தியே இருக்கிறார்! ஆனால் அன்று அது தவறு. இன்று நாம் அழுத்துகிறோம், இது கொள்கை. இரண்டுக்கும் இடையில்தான் நிர்வாகம் என்கிற ஒன்று இருக்கிறது. அவசரப்பட்டு அன்றே அனுமதித்திருந்தால் இவருக்கு ஒரு வீடு கிடைத்திருக்கும். நாட்டுக்கு என்ன கிடைத்திருக்கும்?"

கைதட்டினார்கள். எட்டாம் நம்பரும் தட்டினார். பிறகு மூடல் அதிகாரி பேசினார், குழுத் தலைவர் பேசினார், வரவேற்பு அம்மாள் கோடுகளைப் பற்றித் தானே எழுதிய கவிதையை வாசித்தார். மதியம் தாண்டியது. ஒருவழியாக இயக்குநர் எல்லார் முன்னிலையிலும் காந்தத்தை அழுத்தினார். பச்சை நிரம்பியது. அதை அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவர் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள்.

வெளியே வந்து கைப்பேசியைத் திறந்ததும் அது விடாமல் அதிர்ந்தது. எல்லாம் தண்ணீர்க் கேன்காரரின் அழைப்புகள். கூப்பிட்டார்.

"அண்ணே, எங்கேண்ணே போனீங்க? அக்கா இங்கே உங்க மனையில இருக்காங்க. வாங்கண்ணே. சீக்கிரம் வாங்க." அந்தக் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

வண்டி பிடித்துப் போய் இறங்கியபோது ரோட்டோரம் கேன் வண்டி நின்றது. அதற்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் அவசரமே இல்லாமல் நின்றது. கேன்காரர் எதிரே ஓடி வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள், குழந்தைபோல் அழுதுகொண்டிருந்தார்.

"காலைல கேன் போடப் போனேண்ணே. 'என்னை ஒரு கேனா நினைச்சுத் தூக்கிட்டுப் போப்பா'ன்னு கேட்டாங்க. மாட்டேன்னேன். அண்ணன்கிட்ட கேட்காமத் தூக்கமாட்டேன்னு உங்களுக்குப் போன் போட்டேன், போட்டுக்கிட்டே இருந்தேன். 'அவர் எனக்காகத்தான் அலையறாரு, எடுக்க முடியாது, நீ தூக்கு'ன்னாங்க. முகத்தைப் பார்த்தா எனக்கு மறுக்க வரலண்ணே."

சட்டம் போட்ட பச்சை இன்னும் எட்டாம் நம்பர் கையில் இருந்தது.

"இங்கே வந்ததும் செருப்பைக் கழட்டச் சொன்னாங்க. நான் பிடிச்சுக்கிட்டேன். நின்னாங்கண்ணே. 'சூடா இருக்குப்பா'ன்னு சிரிச்சாங்க. நாலு எட்டு நடந்தாங்க. அப்புறம் உட்கார்ந்துக்கிட்டு, ஒரு குச்சி எடுத்துட்டு வந்து கோடு போடச் சொன்னாங்க. இங்கே சுவரு, இங்கே ஜன்னலுன்னு. கோணலாப் போட்டேன்னு திட்டி, அழிச்சுத் திரும்பப் போட வச்சாங்க. 'அவர் வருவாரு, வாசல் எங்கேன்னு தெரியணுமில்ல, அங்கே மட்டும் கோடு போடாதே'ன்னாங்க. 'எப்படியும் வருவாரு'ன்னு ரோட்டையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் தண்ணி எடுத்துட்டு வர வண்டிக்குப் போனேன். அவ்வளவுதாண்ணே. திரும்பி வந்து பார்த்தா..."

நிலத்தின் நடுவே நாற்காலி இருந்தது. அவள் ஒருபக்கமாகச் சாய்ந்து, தூங்குகிறவள்போல் இருந்தாள். கால்கள் மண்ணில் இருந்தன. அவளைச் சுற்றிக் குச்சியால் கீறிய கோடு ஓடியது. ஒரு அறையளவு.

அவர் ஓடினார். கோட்டருகே வந்ததும் நின்றுவிட்டார். தாண்டினால் கைக்கு எட்டும் தூரத்தில் அவள் இருந்தாள். தாண்டுவதற்குக் காலைக்கூடத் தூக்கிவிட்டார். பிறகு கீழே வைத்தார். சுவரை ஒட்டி நடந்து, மூலையில் திரும்பி, ஜன்னலைக் கடந்து, கோடு போடாமல் விட்டிருந்த இடத்துக்குப் போனார். அங்கே செருப்பைக் கழற்றினார். கையில் இருந்ததை வெளியே வைத்துவிட்டு, வாசல் வழியாக உள்ளே போனார்.